கவலையும் கடனும் கல்வியும்

தொழுகை நேரம் அல்லாத ஒரு வேளை. மதீனாப் பள்ளிவாசலினுள் நுழைந்த பெருமானார் (ஸல்) அவர்கள், அங்கே அன்ஸாரித் தோழர் ஒருவர் தனித்து அமர்ந்திருக்கக் காண்கின்றார்கள். அவர் பெயர் அபூ உமாமா. தொழுகை நேரம் அல்லாத போதில் இங்கு அமர்ந்திருப்பது ஏன் என்று அண்ணலார் வினவுகின்றார்கள். கவலைகளும் கடன்களும் தம்மைப் பற்றிக்கொண்டன என்று தோழர் விடை பகர்கின்றார். காலையிலும் மாலையிலும் ஓதி வருமாறு ஒரு துஆவினை நாயகம் அவர்கள் அவருக்குக் கற்பிக்கின்றார்கள். கவலை, துயரம், இயலாமை, சோம்பல், கோழைமை, கஞ்சத்தனம், கடனின் மிகுதி, மனிதரின் அடக்குமுறை ஆகிய எட்டினின்றும் இறைவனிடம் பாதுகாவல் தேடும் துஆ அது. இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்கள் தம் ஹதீஸ் தொகுப்பில் பதிவு செய்துள்ள நிகழ்ச்சி இது. நம் இல்லங்களில் இந்தத் துஆவினை மனனம் செய்தோர் பலர்.

இந்நிகழ்ச்சியில் நம் கருத்தைக் கவர்வன இரண்டு. ஒன்று, கவலையும் கடனும் ஒரே மூச்சில் எண்ணப்பட்டிருப்பது. கடன் பணப்பையை மட்டும் தொடுவதன்று. அது நெஞ்சைத் தொடும். இயலாமையையும் சோம்பலையும் அச்சத்தையும் உடன் அழைத்து வரும். மனிதனைப் பிறர் முன் தலைகுனிய வைக்கும். இதனை அந்தத் துஆவின் வரிசையே நமக்கு உணர்த்துகின்றது. மற்றொன்று, அத்தோழர் தாமாக வந்து முறையிடவில்லை என்பது. அவர் அமர்ந்திருந்த நேரமே அண்ணலாரின் பார்வைக்குப் போதுமானதாக இருந்தது. கேள்வி முதலில் அவர்களிடமிருந்தே பிறந்தது.

இன்று நம் பிள்ளைகள் பலர் கல்லூரி விடுதி அறையில் அவ்வாறு தனித்து அமர்ந்திருக்கின்றனர். படிப்புக்காக வாங்கிய கடன், புத்தகத்தைத் திறக்கும்போதும் கண்ணை மூடும்போதும் அவர்கள் எதிரில் நிற்கின்றது. மாணவனின் வயிற்றுப்பாட்டைச் சமுதாயம் தாங்கிய காலம் ஒன்று இருந்தது. மாணவனே தன் எதிர்காலத்தை ஈடுவைத்துப் படிக்கும் காலம் பின்னர் வந்தது. இவ்விரண்டிற்கும் இடையில் அவன் இழந்தது பணம் மட்டும்தானா? வரலாற்றின் ஏடுகளைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

திண்ணையும் பணமுடிப்பும்

பெருமானாரின் பள்ளிவாசலை ஒட்டிக் கூரை வேய்ந்த திண்ணை ஒன்று இருந்தது. ஸுஃப்பா என்று அதற்குப் பெயர். வீடும் உறவும் அற்ற ஏழைத் தோழர்கள் அங்கே தங்கி மார்க்க அறிவு பெற்றனர். அபூஹுரைரா (ரலி) அவர்களும் அத்திண்ணையில் வாழ்ந்தவர்களே. இருவருக்கு உணவு உள்ளவர் மூன்றாமவர் ஒருவரைத் தம்முடன் அழைத்துச் செல்லட்டும் என்னும் கருத்துப்பட அண்ணலார் பணித்தார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் காண்கின்றோம். ஆயினும் பசி அறவே இல்லாமற் போகவில்லை. பசியின் கொடுமையால் தாம் மயங்கி விழுந்த நாட்களை அபூஹுரைரா அவர்களே பிற்காலத்தில் எடுத்துரைத்துள்ளார்கள். எனினும் அவர்கள் உண்ட உணவுக்கு எவரும் பற்று எழுதி வைக்கவில்லை. படித்து முடித்தபின் திருப்பித் தருக என்று எவரும் கேட்கவில்லை.

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் கூஃபா நகரில் நிகழ்ந்த மற்றொன்றினைக் காண்போம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாடவட்டத்தில் ஓர் ஏழை இளைஞர் இருந்தார். வீட்டில் வறுமை. படிப்பை விட்டுப் பிழைப்பைப் பார் என்றனர் பெற்றோர். அவர் பாடத்திற்கு வருவது குறைந்தது. மாணவர் வராததைக் கவனித்த இமாம் அவர்கள் காரணம் வினவி அறிந்தார்கள். வட்டம் கலைந்தபின் அவரிடம் ஒரு பணமுடிப்பினைத் தந்தார்கள். அதில் நூறு திர்ஹம் இருந்தது. தீர்ந்ததும் தெரிவிக்குமாறு சொன்னார்கள். ஆனால் தெரிவிக்கும் அவசியமே அவருக்கு நேரவில்லை. தீர்வதற்குள் அடுத்த முடிப்பு வந்து சேர்ந்தது என்று வரலாற்றாசிரியர் கதீப் பக்தாதி அறிவிக்கின்றார். அந்த இளைஞர்தாம் பின்னாளில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காழியாக வீற்றிருந்த இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள்.

கொடுத்த தொகையைக் காட்டிலும், வராத மாணவனைக் கவனித்த கண்ணும், கேட்க வைத்து அவனை நாணச் செய்யாத பண்புமே இங்கு நம்மை வியக்க வைக்கின்றன.

நோயுற உரிமை பெற்றிருந்த ஆசான்

தனி மனிதரின் ஈகை அவரோடு முடிந்துவிடும். நிலைத்து நிற்க ஓர் ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடே வக்ஃபு. கடைத்தெருவும் தோட்டமும் சத்திரமும் இறைவழியில் நேர்ந்துவிடப்பட்டன. அவற்றின் வாடகையும் விளைச்சலும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் படியாக அளக்கப்பட்டன. ஸல்ஜூக்கிய அமைச்சர் நிஜாமுல் முல்க் பக்தாதில் எழுப்பிய நிஜாமிய்யா மதரஸா கி.பி. 1067-ல் திறக்கப்பட்டது. அவருடைய பெயரால் வேறு பல நகரங்களிலும் மதரஸாக்கள் தோன்றின.

இம்மதரஸாக்களின் அருமையை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்க்கையே எடுத்துக் கூறும். கி.பி. 1058-ல் தூஸ் நகரில் பிறந்த அவர்களின் தந்தையார் கம்பளி நூற்றுப் பிழைத்த ஏழை. தாம் மறையும் வேளையில் தம் இரு மக்களையும் சிறு சேமிப்பையும் ஸூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். அச்சேமிப்பு கரைந்தது. நண்பரோ தாமும் ஏழை. மதரஸாவில் மாணவராகச் சேர்ந்துவிடுங்கள். உணவுக்காவது வழி பிறக்கும் என்று அவர் பிள்ளைகளுக்கு அறிவுரை கூறினார் என்று ஸுப்கீ குறிப்பிடுகின்றார். வயிற்றுக்கு வழி தேடி மதரஸாவினுள் புகுந்த அந்த அநாதைச் சிறுவர், 1091-ல் பக்தாத் நிஜாமிய்யாவின் தலைமைப் பேராசிரியராக அமர்ந்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது 33. அவர்களின் பாடத்தில் முந்நூறு மாணவர் இருந்தனர்.

நான்கு ஆண்டுகள் சென்றன. 1095-ஆம் ஆண்டில் அவர்களுக்கு ஒரு பெருந்துன்பம் நேர்ந்தது. தம் கல்வி இறைவனுக்காகவா, புகழுக்காகவா என்னும் ஐயம் அவர்களை ஏறத்தாழ ஆறு மாத காலம் அலைக்கழித்தது. இறுதியில் நாக்கு எழவில்லை. மாணவரை மகிழ்விக்க ஒரு நாளேனும் பாடம் சொல்ல முயன்றும் ஒரு சொல் வெளிவரவில்லை. உணவு தொண்டையில் இறங்க மறுத்தது. உடல் நலிந்தது. மருத்துவர்கள் சோதித்துப் பார்த்து, இது உள்ளத்தில் தோன்றி உடலுக்குப் பரவிய நோய். உள்ளத்தின் கவலை நீங்கினாலன்றி மருந்தால் தீராது என்று கைவிரித்தனர். இவற்றையெல்லாம் மறைக்காமல் தம் வாழ்க்கைக் குறிப்பாகிய 'அல் முன்கித்'தில் இமாம் அவர்களே எழுதி வைத்துள்ளார்கள்.

இந்நோய் கடனால் வந்ததன்று. அவ்வாறு நாம் கூறினால் அது வரலாற்றுக்குச் செய்யும் தவறாகும். நாம் இங்கு உற்று நோக்க வேண்டியது, நோயுற்ற பின் நிகழ்ந்ததையே. இமாம் அவர்கள் பதவியைத் துறந்தார்கள். தம் செல்வத்தைப் பகிர்ந்தளித்தார்கள். மக்களின் உணவுக்குப் போதிய அளவை மட்டுமே எடுத்துவைத்தார்கள். அதற்கு இடம் தந்தது எது? இராக்கின் செல்வம் முஸ்லிம்களுக்கு வக்ஃபாக விளங்கியது. அறிஞர் ஒருவர் தம் குடும்பத்திற்காக எடுத்துக்கொள்ள அதனினும் சிறந்த பொருளை உலகில் தாம் கண்டதில்லை என்னும் கருத்தினை அதே நூலில் அவர்கள் எழுதியுள்ளார்கள். பின்னர் திமிஷ்கிலும் பைத்துல் முகத்தஸிலும் மக்கமா நகரிலும் ஆண்டுகள் கழிந்தன. 'இஹ்யா' பிறந்தது அக்காலத்திலேயே. 1106-ல் நைஸாப்பூரில் மீண்டும் பாடம் சொல்ல அமர்ந்தார்கள்.

ஒரு கல்விமானின் மனம் ஓய்ந்தபோது அவர் நின்றுவிட முடிந்தது. அவர் கதவைத் தட்டித் தவணை கேட்பார் எவருமிலர். வக்ஃபு அவருக்கு அளித்தது உணவு மட்டுமன்று. நோயுறுவதற்கும் நிற்பதற்கும் திரும்பி வருவதற்குமான உரிமையையும் அது அளித்தது. இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்பும் செய்தியின் கரு இதுவே.

பக்தாதும் ஆக்ஸ்ஃபோர்டும்

ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் பயணி இப்னு ஜுபைர் 1184-ல் பக்தாதைக் கண்டார். கீழைப் பகுதியில் ஏறத்தாழ முப்பது மதரஸாக்கள் இருந்தன என்றும், அவற்றின் வக்ஃபு வருவாய் ஆசிரியருக்கும் மாணவருக்கும் செலவாயிற்று என்றும் எழுதினார். அடுத்துத் திமிஷ்கு சென்றபோது, தம் நாட்டு இளைஞர்களைக் கல்விக்காகக் கிழக்கே வருமாறு அழைக்கின்றார். இங்கே பல உதவிகள் கிட்டும். அவற்றுள் தலையாயது பிழைப்பைப் பற்றிய கவலையினின்றும் மனம் விடுதலை பெறுவதே என்பது அவர் தரும் காரணம். உணவைச் சொல்லாமல், விடுதியைச் சொல்லாமல், மன நிம்மதியையே முதல் உதவியாக அவர் எண்ணினார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அப்பயணியின் கணிப்பு எத்துணைக் கூர்மையானது!

கலீஃபா முஸ்தன்ஸிர் எழுப்பிய முஸ்தன்ஸிரிய்யா 1234-ல் திறக்கப்பட்டது. நான்கு மத்ஹபுகளுக்கும் அங்கே இடம் இருந்தது. மாணவருக்கு உணவும் மாதப்படியும் உண்டு. நூலகமும் குளிப்பறையும் உண்டு. நோயைக் கவனிக்க மருத்துவரும் உண்டு. அக்கட்டடம் தஜ்லா நதிக்கரையில் இன்றும் நிற்கின்றது.

ஆறே ஆண்டுகள் கழித்து, 1240-ல், ஆங்கில நாட்டு ஆக்ஸ்ஃபோர்டில் வேறொரு முறை தோன்றியது. 1209-ல் அந்நகரத்தார் மாணவர் சிலரைத் தூக்கிலிட்டனர். அதற்குத் தண்டமாக ஆண்டுதோறும் 52 ஷில்லிங் செலுத்த அவர்கள் கடமைப்பட்டிருந்தனர். அத்தொகையைக் கொண்டு லிங்கன் நகர்ப் பேராயர் ராபர்ட் க்ரோஸ்டெஸ்ட் ஒரு பணப்பேழையை நிறுவினார். ஏழை மாணவர் அதிலிருந்து கடன் பெறலாம், நூலையோ வேறு பொருளையோ அடகு வைக்க வேண்டும், வட்டி கிடையாது. அவ்வாறு அடகு போன கையெழுத்துப் படிகள் பல, அடகுக் குறிப்புகளுடன் இன்றும் அந்நாட்டு நூலகங்களில் உள்ளன.

பக்தாத் கொடுத்தது, ஆக்ஸ்ஃபோர்டு வட்டியின்றிக் கடன் தந்தது. இரண்டிலும் நன்னோக்கம் இருந்தது. ஆனால் இரண்டாவது முறையில் ஒரு புதுமை நுழைந்துவிட்டதை நாம் காண்கின்றோம். மாணவன் கடனாளியானான், படிக்க வேண்டிய நூலே அடகுப் பொருளாயிற்று.

நம் முன்னோரின் முறை குறையற்றது என்று நாம் வாதிட முன்வரவில்லை. வக்ஃபுச் சொத்துகளை விழுங்கிய கைகளும் வரலாற்றில் உண்டு. அம்மதரஸாக்களின் படியும் விடுதியும் ஆண் மக்களுக்கே உரியவையாக இருந்தன. ஆயினும் மாணவனின் மனத்தைக் கடனிலிருந்து காத்தல் சமுதாயத்தின் பொறுப்பு என்னும் கொள்கை அங்கு இருந்தது. அதனை எவரும் மறுக்க இயலாது.

கடனே கல்வியான கதை

அடகுப் பேழையாகத் தொடங்கிய முறை, பெருங்கடலாக விரிந்தது அமெரிக்க நாட்டில். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியோருக்கு 1944-ஆம் ஆண்டுச் சட்டம் கல்விச் செலவை நன்கொடையாகவே தந்தது. 1957-ல் ரஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அந்த அதிர்ச்சியில் 1958-ல் இயற்றப்பட்ட சட்டம் மாணவருக்குக் குறைந்த வட்டியில் அரசுக் கடனைத் தொடங்கி வைத்தது. 1965-ல் குடியரசுத் தலைவர் ஜான்ஸன், தாம் பயின்ற டெக்ஸாஸ் கல்லூரியிலேயே அமர்ந்து உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வங்கிகள் கடன் தரும். அரசு பிணை நிற்கும் என்பது அதன் ஏற்பாடு. ஏழை வீட்டுப் பிள்ளையும் பட்டம் பெற வேண்டும் என்னும் நல்லெண்ணமே அதற்கு அடிப்படை.

ஆனால் கட்டணம் ஏறிற்று. கடனும் உடன் ஏறிற்று. பிற கடன்களால் நொடித்தவர் திவால் மனுவின் மூலம் விடுதலை பெறலாம். மாணவர் கடனுக்கோ அக்கதவு மெல்ல மெல்லச் சாத்தப்பட்டது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் ஐந்து ஆண்டுகளுக்குத் தடை விதித்தது. 1998-ல் அந்தக் கால வரையறையும் நீக்கப்பட்டது. 2005-ல் தனியார் கடன்களும் அவ்வாறே ஆயின. தாங்கொணாத் துன்பத்தை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாலன்றி விடுதலை இல்லை. இன்று அந்நாட்டில் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் இக்கடனைச் சுமக்கின்றனர். மொத்தத் தொகை ஒன்றரை லட்சம் கோடி டாலரைக் கடந்துவிட்டது. ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய அரசு வகுத்த திட்டத்தை 2023 ஜூன் திங்களில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

ஆங்கில நாட்டில் 1990-ல் மாணவர் கடன் சட்டமாயிற்று. 2012-ல் ஆண்டுக் கட்டணம் 9,000 பவுண்டு வரை உயர்ந்தது. கடன் மீது உண்மையான வட்டியும் சேர்ந்தது. வட்டிக்கு அஞ்சிய முஸ்லிம் இளைஞர்கள் செய்வதறியாது நின்றனர். படிப்பை விடுவதா, மனச்சாட்சியை விடுவதா என்னும் இக்கட்டு அது. வட்டியற்ற மாற்று முறைக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் வகுத்தது. சட்டம் வந்த பின்னும் அவர்கள் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது.

கடனாளி இடர்ப்பட்டால் வசதி வரும்வரை தவணை தருக. விட்டுக்கொடுப்பது இன்னும் நன்று என்பது ஸூரத்துல் பகராவின் 280-ஆவது வசனம் நமக்குக் கற்பிக்கும் நெறி. கடன்பட்டோரை ஸகாத்துக்கு உரிய எட்டு வகையினருள் ஒருவராகத் திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் எண்ணுகின்றது. கடனாளிக்கு மூச்சுவிட இடம் தரும் இந்நெறியையும், மாணவனுக்குத் திவால் கதவையும் சாத்திய அச்சட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

நம் வீட்டுக் கணக்கு

இக்கதை கடல் கடந்த நாடுகளோடு நின்றுவிடவில்லை. தமிழகத்தில் 1984 முதல் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகள் பெருகின. கட்டணமும் பெருகியது. 2001-ல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த கல்விக்கடன் திட்டத்தினை வங்கிகள் மேற்கொண்டன. நான்கு லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு தேவையில்லை என்றாயிற்று. வங்கிப் படியே ஏறியறியாத எத்தனையோ குடும்பங்களிலிருந்து பொறியாளரும் செவிலியரும் கணினி வல்லுநரும் தோன்றினர். இந்நன்மையை நாம் மறைக்கலாகாது.

ஆயினும் கணக்கைச் சற்றே போட்டுப் பார்ப்போம். நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சமாக நான்கு லட்சம் கடன் என்று கொள்வோம். வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைப்போம். படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி உறங்குவதில்லை. தனி வட்டியாகக் கணக்கிட்டாலும், ஐந்தாம் ஆண்டு இறுதியில் கடன் 5,40,000 ரூபாயாகிவிடும். அதனைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 7,100 ரூபாய் வேண்டும். வேலை கிடைத்தாலும் கட்ட வேண்டும். கிடைக்காவிடினும் கட்ட வேண்டும். ஆண்டு வருமானம் நாலரை லட்சத்திற்கு உட்பட்ட குடும்பத்து மாணவர் தொழிற்படிப்புப் பயில்கையில், தவணை தொடங்கும் வரையுள்ள வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-ல் வந்தது. அதனை அறியாமலேயே கையொப்பமிட்ட பெற்றோர் பலர்.

இன்னொன்றும் உண்டு. இக்கடனில் தந்தையோ தாயோ கூட்டுக் கடனாளி. துபாயிலும் ரியாதிலும் வெயிலில் உழைக்கும் வாப்பாவின் பெயரும், நகையைக் கழற்றிக் கொடுத்த உம்மாவின் முகமும் அப்பத்திரத்தில் இருப்பதாகவே பிள்ளைக்குத் தோன்றுகின்றது. ஒரு பாடத்தில் தோற்றால் தோற்றது தானன்று, தன் குடும்பமே என்று அவன் எண்ணுகின்றான். வட்டியைப் பற்றிய மார்க்க அச்சமும் சில உள்ளங்களில் சேர்ந்துகொள்கின்றது. அதன் சட்டத்தை ஆலிம் பெருமக்களிடம் கேட்டறிவதே முறை. நாம் இங்குத் தீர்ப்பளிக்க வரவில்லை. ஆனால் அவ்வச்சத்தை வெளியிட ஒரு செவி வேண்டும் என்பதை மட்டும் நினைவூட்டுகின்றோம்.

இமாம் கஸ்ஸாலி அவர்களைப் போல் நின்று இளைப்பாற இம்மாணவனுக்கு வழி உண்டா? ஒரு பருவம் விடுப்பு எடுத்தால் படிப்பு நீளும், வட்டி வளரும், ஊர் பேசும். ஆகவே உறக்கம் கெட்டாலும், உணவு செல்லாவிடினும், பாடம் மனத்தில் நில்லாவிடினும், அவன் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து ஓடுகின்றான். கடனின் தலையாய கொடுமை வட்டியன்று. நோயுறும் உரிமையை அது பறித்துவிடுவதே.

கடனுக்கும் மனநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை 2013-ல் ஆங்கில நாட்டு ஆய்வாளர்கள் தொகுத்து ஆராய்ந்தனர். கடன்பட்டோரிடையே மனச்சோர்வு முதலியன மிகுந்திருப்பதை அவர்கள் கண்டனர். கடன் நோயைத் தந்ததா, நோய் கடனைத் தந்ததா என்பது எல்லா இடத்தும் தெளிவாகப் பிரிக்கக் கூடியதன்று என்றும் கூறினர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். ஒவ்வோர் இழப்பிற்கும் பின்னே காரணங்கள் பல. கடன் ஒன்றையே குற்றவாளியாக்குதல் நேர்மையாகாது. ஆயினும் பேச இடமின்றி அடைபட்ட துயரம் அவற்றுள் பலவற்றில் இருந்திருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சம் பதறுகின்றது.

நாம் செய்யத் தக்கவை

முதலாவது, வெட்கத்தை விலக்குதல். மனம் நோயுறுவதை ஈமானின் குறை என்று கருதும் பேதைமை நம்மிடையே உண்டு. ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று உலகம் போற்றும் கஸ்ஸாலி அவர்களுக்கே அந்நிலை நேர்ந்தது. அதனை மறைக்காமல் எழுதியும் வைத்தார்கள். அவர்களுக்கும் முன்னரே, கி.பி. 934-ல் மறைந்த அபூஸைத் பல்கீ, உடலின் நலத்தோடு உள்ளத்தின் நலத்தையும் இணைத்து மருத்துவ நூல் இயற்றினார். காரணம் புலப்படும் துயரம் வேறு, காரணம் புலப்படாத துயரம் வேறு என்று அவர் வகை பிரித்தார். எனவே மருத்துவரிடம் செல்வது நம் மரபுக்குப் புதிதன்று. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய தொலைபேசி மனநலச் சேவையின் எண் 14416. கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். துஆவும் மருத்துவமும் ஒன்றற்கொன்று பகையல்ல.

இரண்டாவது, வீட்டில் கணக்கைத் திறந்து வைத்தல். கடன் வாங்குமுன் தந்தையும் தாயும் பிள்ளையும் ஒன்றாக அமர்ந்து தொகையையும் தவணையையும் எழுதிப் பார்க்க வேண்டும். இப்படிப்பு இக்கடனைத் தாங்குமா என்று கேட்க வேண்டும். அரசின் உதவித்தொகையும் வட்டிச் சலுகையும் உள்ளனவா என விசாரிக்க வேண்டும். இடையில் பிள்ளை தளர்ந்தால், ஓராண்டு பின்தங்கினும் பாதகமில்லை. நீ நலமாய் இருப்பதே எங்களுக்குப் பெரிது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்!

மூன்றாவது, ஜமாஅத்தின் கடமை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-லும், சென்னைப் புதுக் கல்லூரியும் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் 1951-லும், அதிராம்பட்டினம் காதர் முகைதீன் கல்லூரி 1955-லும், பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971-லும் எழுந்தன. வணிகப் பெருமக்களும் ஊர்ப் பெரியோரும் தந்த பொருளால் எழுந்த கல்விக்கூடங்கள் அவை. கட்டடம் தந்த கைகளுக்கு நாம் என்றும் கடப்பாடு உடையோம். இனி வேண்டுவது அக்கட்டடத்தினுள் அமர்ந்திருக்கும் மாணவனின் மனத்திற்கு ஒரு கூரை.

ஒவ்வொரு மஹல்லாவின் பைத்துல்மாலும் மாணவருக்கென ஒரு பகுதியை ஒதுக்கலாம். வட்டியில்லா அழகிய கடனாக அதனை வழங்கலாம். நோய் வந்தால் தவணை தானே நிற்கும் என்றும், இயலாமை உறுதியானால் தள்ளுபடி உண்டு என்றும் முதல் நாளிலேயே எழுதிக் கொடுக்கலாம். கடனில் மூழ்கிய பட்டதாரிக்கு, கடன்பட்டோர் என்னும் வகையில் ஸகாத் தரலாமா என்று ஆலிம்களிடம் கேட்டு ஆவன செய்யலாம். படித்து வேலை பெற்றவர் அந்நிதிக்குத் திருப்பித் தரும் தொகை அடுத்த மாணவனின் உணவாகும். பெயரை அறிவித்து, மேடையில் நிறுத்தி, படம் எடுத்துத் தரும் உதவி வேண்டாம். இமாம் அபூஹனீஃபா அவர்கள் வட்டம் கலைந்த பின்னரே முடிப்பினைத் தந்தார்கள் என்பதை மறவாதிருப்போம்.

இவற்றிற்கெல்லாம் பொருள் வேண்டும், காலம் வேண்டும். ஆனால் பொருளும் காலமும் வேண்டாத ஒன்று உண்டு. விடுமுறையில் ஊர் வந்த மாணவன் ஒருவன், அஸர் தொழுகை முடிந்து எல்லாரும் சென்ற பின்னும் பள்ளிவாசல் தூணருகே சாய்ந்து அமர்ந்திருப்பதை நாளை நாம் காணக்கூடும். அவன் தானாக வந்து முறையிட மாட்டான். அருகில் அமர்ந்து, இந்நேரத்தில் இங்கு ஏன் தம்பி என்று கேட்போம். அவ்வாறு கேட்பது நம் நாயகத்தின் வழிமுறை. அல்லாஹ் நம் பிள்ளைகளைக் கவலையின் சுமையினின்றும் கடனின் சுமையினின்றும் காத்தருள்வானாக! ஆமீன்.